பாதிச் சொல்

இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள் என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள் நாத்தனார். "என் தம்பிக்கு வாய் வராது. வந்தவளுக்கு வாய் மட்டும்தான் வருது. கணக்கு சரியாப் போச்சு." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மணப்பெண்ணும் சிரித்தாள். யாரோ தூரத்துச் சொந்தக்காரர் மாப்பிள்ளையிடம் என்னவோ கேட்க, அவன் "ந... ந..." என்று முதல் எழுத்திலேயே நின்று தவித்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கேன்னு சொல்றார்" என்று சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முடித்துக்கொடுத்தாள். மாப்பிள்ளை அவளை நன்றியோடு திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் மயங்கிப்போனாள் என்றுதான் சொல்லவேண்டும். அன்றிலிருந்து பதினோரு வருடமாக அவன் தொடங்குவான், அவள் முடிப்பாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதும், கூண்டின் கூரைமேல் நின்று கம்பி வடங்களுக்கு எண்ணெய் போடுவதும், மழைக்காலத்தில் குழியின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைப்பதும் அவன் வேலை. அந்த வேலையில் பேச்சு அதிகம் தேவையில்லை. வடத்தில் தட்டிப் பார்த்தால் அது பதில் சொல்லும், அவனும் கேட்டுக்கொள்வான். மனிதர்களிடம் பேசும்போதுதான் முதல் எழுத்து ஒரு கதவைப்போல இறுகிக்கொள்ளும். அந்தக் கதவுகளுக்கெல்லாம் அவளிடம் சாவி இருந்தது. 'த' என்றால் தண்ணீர். 'சா' என்றால் சாவி. 'ப' என்றால் பசி. பெரும்பாலும் தப்பாது. தப்பினாலும் அவன் தலையாட்டிவிடுவான்.

அவள் தொழிலும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. துணி துவைக்கும் இயந்திரங்களைப் பற்றிய புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் அலுவலகம். யாராவது "தண்ணி வந்து..." என்று இழுப்பதற்குள், "வடியலையாம்மா? அடியில இருக்கிற மூடியத் திறந்து பாருங்க" என்று முடித்துவிடுவாள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாளோ அவ்வளவு நல்ல பெயர். அங்கே அவளை ரேடியோ என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் போனை வைத்தபிறகு அந்த வீட்டில் தண்ணீர் வடிந்ததா இல்லையா என்பது தெரியாது. அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், ஒருவருக்குக்கூட அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது. ஒருநாள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிரே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். நகரத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும். வேறு வேலையில் இருக்கும் பட்டதாரிகளும் வரலாம். டாக்டருக்குப் படிப்பவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து பழகுவதுபோல, ஒரு முழு வருடம் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையின் பக்கத்தில் இருந்து பழகவேண்டும். உடனிருப்புப் பயிற்சி என்று அதற்குப் பெயர். வருடக் கடைசியில் அந்த ஆசிரியை 'தகுதி' என்று எழுதிக்கொடுத்தால் வேலை. எழுதாவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். அஞ்சல் வழியில் அவள் முடித்த கணக்குப் பட்டம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தாள்.

போன் வேலையை விட்டுவிட்டு அவள் சேர்ந்த பள்ளி ஒரு மேம்பாலத்தை ஒட்டி இருந்தது. பகலிலும் டியூப்லைட் எரியும் வகுப்பறைகள். அந்த வருடம் மழை விடாமல் பெய்ததால் ஜன்னல் கம்பிகளில் குடைகள் வௌவால்களைப்போலத் தொங்கின. ஈரக் காலுறைகளின் வாசனை அறை முழுதும் நின்றது. பாலத்தின்மேல் லாரி போகும்போதெல்லாம் கரும்பலகை மெதுவாக நடுங்கும்.

ஐந்தாம் வகுப்பின் ஆசிரியை இவளைவிட ஏழெட்டு வயது இளையவள். ஒல்லியானவள், அலுத்துப்போன கண்கள், பாடம் நடத்தும்போது மட்டும் அந்தக் கண்கள் விழித்துக்கொள்ளும். இருந்தாலும் பிள்ளைகள் அவளைத்தான் பெரிய மிஸ் என்றார்கள். முப்பத்தாறு வயதில் நரை தெரியத் தொடங்கியிருந்த இவள் சின்ன மிஸ். "வயசுல பெரியவங்க எப்படி மிஸ் சின்ன மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டபோது பக்கத்திலிருந்தவள் சொன்னாள்: "இவங்க இன்னும் பாஸ் ஆகலடி."

சின்ன மிஸ் பாடம் நடத்தும்போது பெரிய மிஸ் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். சின்ன மிஸ் ஒரு தப்புச் செய்தால் ஒரு இருமல் வரும். அவ்வளவுதான். ஆனால் இருமல் அடிக்கடி வந்தது. "சின்ன மிஸ், பெரிய மிஸ்ஸுக்கு ஒரு மருந்து வாங்கிக் குடுங்க" என்று பிள்ளைகளே சொல்லும் அளவுக்கு வந்தது.

அன்று பின்னம். அரை, கால், முக்கால்.

"ரொட்டில அரை பெருசா, கால் பெருசா? நீ சொல்லு."

எழுந்தவளுக்கு வகுப்பு வைத்த பெயர் கொட்டாவி. அவள் அம்மா விடியும் முன்பே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள். இவள்தான் தங்கைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பவேண்டும். பள்ளிக்கு வந்தபிறகுதான் அவளுக்குத் தூங்க நேரம் கிடைத்தது.

"கா..." என்று தொடங்கி ஜன்னலைப் பார்த்தாள் கொட்டாவி. முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

சின்ன மிஸ் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "காலா? நல்லா யோசி. அரைதானே பெருசு? அரைன்னுதானே சொல்ல வந்த?"

கொட்டாவி தலையாட்டினாள்.

"சபாஷ். உக்காரு."

பின்னாலிருந்து இருமல் வந்தது.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் பெரிய மிஸ் கெட்டிலைப் போட்டுவிட்டு, நின்றபடியே பிஸ்கட் தின்றாள். பிள்ளைகள் இல்லாதபோது அவள் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மிஸ்."

"நீங்க நல்லாத்தான் நடத்துறீங்க. ஆனா யாருக்கு நடத்துறீங்க?"

"பசங்களுக்குத்தான்."

"இல்ல. உங்களுக்கே நடத்திக்கிறீங்க. கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க, சபாஷும் நீங்க. பசங்க சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க மாதிரி உக்காந்திருக்காங்க."

"பாவமா இருக்கு மிஸ். எழுந்து நிக்குது, பதில் வரல, மத்ததெல்லாம் சிரிக்குது. பிள்ளை தத்தளிக்கிறத பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?"

"தத்தளிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா? நீஞ்சிக்கிட்டும் இருக்கலாம்ல?"

சின்ன மிஸ்ஸுக்கு முகம் சுருங்கியது. தன்னைவிட இளையவளிடம் பேச்சு வாங்குவது ஒரு பக்கம். இத்தனை வருடம் எதற்காக எல்லோரும் தன்னை மெச்சினார்களோ அதையே குற்றம் என்று கேட்பது இன்னொரு பக்கம்.

பெரிய மிஸ் வராந்தாவில் எட்டிப் பார்த்துக் கொட்டாவியைக் கூப்பிட்டாள். "சின்ன மிஸ் கேட்டதுக்கு நீ என்னவோ சொல்ல வந்தியே. என்னது அது?"

கேட்டுவிட்டு நின்றாள். கெட்டில் கொதித்து அடங்கியது. கொட்டாவி ஒரு காலின் கட்டைவிரலால் இன்னொரு காலைச் சொறிந்தாள். மேம்பாலத்தில் லாரி ஒன்று போய் முடிந்தது. சின்ன மிஸ்ஸுக்கு நாக்கு துடித்தது. ஒரு சொல் எடுத்துக்கொடுத்தால் போதும், பிள்ளை தப்பித்துவிடும். பெரிய மிஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கால்னுதான் மிஸ் சொல்ல வந்தேன்," என்றாள் கொட்டாவி. "ஆனா எந்த ரொட்டியோட கால்னு கேக்கணும்னு நெனச்சேன். எங்கம்மா பெரிய ரொட்டி வாங்கிட்டு வந்தா எனக்குக் கால் பங்குதான். அது வயிறு ரொம்பிரும். சின்ன ரொட்டில அரை குடுத்தாலும் பத்தாது. எந்த ரொட்டின்னு சொல்லாம எப்படி மிஸ் எது பெருசுன்னு சொல்றது?"

"போய் விளையாடு," என்றாள் பெரிய மிஸ். அவள் போனபிறகு இவளிடம் சொன்னாள்: "அவ வாயில நீங்க வச்சது உங்க பதில். அவளோடது எங்க போச்சுன்னு தெரியாமலே நாம மணியடிச்சிருப்போம். இது மாறலன்னா என்னால தகுதின்னு எழுத முடியாதுக்கா. பொய் எழுதிக்குடுத்தா நாளைக்கு நாப்பது பிள்ளைங்க வாய அடைச்ச பாவம் எனக்கு."

"எப்படி மாத்திக்கிறது?"

"கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள ஒரு பாட்டுல ரெண்டு வரி பாடுங்க. அது முடியற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. வீட்ல பழகிப் பாருங்க."

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் படியேறி வீட்டுக்குப் போவது அக்கம்பக்கத்துக்குத் தினமும் ஒரு சிரிப்பு. அவனுக்கு அது பிடித்திருந்தது. படிக்கட்டு பழுதாகாது என்பான், அதாவது அவன் அப்படித்தான் சொல்ல வருகிறான் என்று எடுத்துக்கொண்டு அவள் முடித்துவைப்பாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். சலவைக்கடையில் நாள் முழுதும் இஸ்திரி போடுகிறவள், உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும், நாக்கும் அப்படியே.

"டீச்சரம்மா வந்தாச்சா? நான் எந்திரிச்சு நிக்கணுமா?"

"உக்காருங்க அண்ணி. டீ போடவா?"

கேட்டுவிட்டு மனதுக்குள் பாட்டைத் தொடங்கினாள். முதல் வரியின் பாதியிலேயே நாத்தனார் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தாள். அவளிடம் இதைப் பழகிப் பார்க்க முடியாது என்பது தெரிந்தது.

"டீ எதுக்கு, தொண்டை காஞ்சா கேக்க மாட்டேனா? முப்பத்தாறு வயசுல ஸ்கூல் பையத் தூக்குறவள இப்பத்தான் பாக்குறேன். போன் பேசுற வேலைல என்ன குறை? ஏசி ரூமு, நாற்காலி. உன் பழைய மேனேஜர் இன்னும் உன்ன விசாரிக்கிறானாமே. சரி விடு, ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். என் தம்பிய நல்லா பாத்துக்குற. தொப்பை போட்டிருக்கான்."

அது உண்மைதான். மழை தொடங்கியதிலிருந்து அவனுக்குப் பசி அதிகமாகியிருந்தது. வேலைவிட்டு வந்ததும் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு 'ப' என்று தொடங்குவான். அவள் தட்டை நீட்டுவாள். அவன் தட்டையும் அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'ப'. மறுபடி தட்டு. அவனுடைய நீலச் சீருடையில் வயிற்றுப் பக்கம் ஒரு பொத்தான் தெறித்துப்போய் அவள் தைத்துக்கொடுத்தாள். உழைக்கிற உடம்பு, சாப்பிடட்டும் என்று உருளைக்கிழங்கைக் கூடுதலாக ஒரு கை அள்ளிப் போட்டாள்.

நாத்தனார் கிளம்பிப் போய்ச் சிறிது நேரத்தில் அவன் வந்தான். தலையெல்லாம் நனைந்திருந்தது. கருவிப் பையை மூலையில் வைத்தான். முக்காலியை இழுத்துப்போட்டான். அவள் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ப... ப..."

அவள் கை தானாகவே தட்டுக்குப் போனது. 'பசி' நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பெரிய மிஸ்ஸின் முதுகு நினைவுக்கு வந்தது, கொட்டாவியைக் கேட்டுவிட்டு அசையாமல் நின்ற முதுகு. தட்டைப் பிடித்தபடி அவள் மனதுக்குள் பாடத் தொடங்கினாள். இரண்டு வரி முடிந்தது. அவன் இன்னும் அந்த எழுத்திலேயே இருந்தான். மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. பார்க்கும் முன்பே முடித்துவிடுவாள். ஒரு மனிதன் சுவரைத் தோளால் முட்டித் தள்ளுவதை முதல் தடவையாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுப்பில் முட்டை கருகியது.

"ப... பயமா இருக்கு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"என்ன பயம்?"

அவன் சொன்னான். நிறைய நேரம் ஆனது. மழைக்கு முன்பு ஒருநாள் அவன் கூண்டின் கூரைமேல் நின்று வேலைபார்த்தபோது, மேலே இயந்திர அறையில் இருந்தவனின் கையிலிருந்து ஒரு ஸ்பானர் நழுவியது. அவன் காதை உரசுவதுபோலப் போய், கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் விழுந்து மறைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே இருந்தவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் அது அடியில் விழுந்த சத்தம் வர நேரமானது. அந்தச் சத்தத்துக்காக அவன் காத்துக்கொண்டு நின்றான். அப்போது ஏதோ ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து குழிக்குள் காலை வைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. வேர்த்த கையால் வடத்தைப் பிடிக்க முடியாது. அடுத்த வாரம் நகரத்தின் ஓரத்தில் எழுந்திருக்கும் புதுக் கட்டடத்துக்குப் போகவேண்டும். இதுவரை அவனோ கூட வேலைபார்ப்பவர்களோ ஏறியதிலேயே உயரமானது.

"மழைக்கு முன்னாடி இருந்தா? இத்தனை நாள் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சொன்னேன்," என்றான். அந்தச் சொல் தடங்கலே இல்லாமல் வந்தது.

அவள் மேடையில் இருந்த தட்டைப் பார்த்தாள். நினைவு பின்னோக்கிப் போகப் போகத் தட்டுகளாக வந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் இதே முக்காலியில் உட்கார்ந்து இவன் பயமாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறான், அவள் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறாள்.

"பசி இல்லன்னு தலையாட்டியிருக்கலாம்ல? ஏங்க, பசியே இல்லாம எப்படி அவ்வளவும் தின்னீங்க?"

இந்தமுறை அவள் பாடவில்லை. பாடத் தோன்றவில்லை, சும்மா நின்றாள்.

"நீ ப... பசின்னு சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு," என்றான் அவன். "சொன்ன மாதிரியும் ஆச்சு. சொ... சொல்லாத மாதிரியும் ஆச்சு." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சா நீ ப... படிப்ப விட்டுட்டு மறுபடி போன் தூக்கப் போயிருவ," என்றான்.

கருகிய முட்டையைச் சுரண்டி எடுத்து அவளே தின்றாள். அவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அன்று அவனும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் அவளுக்குப் பாட்டு தேவைப்படவில்லை. ஒரு பிள்ளை எழுந்து நின்று முதல் எழுத்தில் நின்றால், இது எங்கே போகும் என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உடம்பிலேயே தெரிந்தது. அது நல்ல ஆசிரியையின் பொறுமை என்று சொல்லமுடியாது, ஒருவிதமான பீதிதான். 'ப' என்று கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கேள்விக்குப் பின்னால் வந்த அமைதியில் முதலில் நெளிந்தார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள், பிறகு யோசிக்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் எதற்கும் வாய் திறக்காத ஒருத்தி, முக்காலைவிடப் பெரிதாகவும் ஒன்றைவிடச் சின்னதாகவும் ஏதாவது உண்டா என்று தானாகவே கேட்டாள். கொட்டாவி கொட்டாவி விட்டபடியே அவளுக்குப் பதில் சொன்னாள்.

மணி அடித்தபோது பெரிய மிஸ் எழுந்து வந்தாள். "இன்னைக்கு எனக்கு இருமலே வரல, பாத்தீங்களா? இப்படியே போனா நான் எழுதிருவேன்கா. யோசிக்கவே வேண்டியதில்ல."

சின்ன மிஸ் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தையும் அழித்தாள்.

"நான் நின்னுடலாம்னு இருக்கேன் மிஸ்."

"எதுலருந்து நின்னுடலாம்னு?"

"இதுலருந்து. இந்த வாரத்தோட. பழைய ஆபீஸ்ல பேசிட்டேன், திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க." வீட்டு விஷயத்தைச் சொன்னாள். அவள் பாணியில் வேகமாக, ஒரே மூச்சில் சொன்னாள்.

பெரிய மிஸ்ஸின் முகம் கடுத்தது. "பாதி வருஷம் உங்ககூட உக்காந்து நானும் பாதி உயிர விட்டிருக்கேன். சரி, அது போகட்டும். வீட்ல அவர் என்ன சொன்னார்?"

"அவர் என்ன சொல்லப்போறார்? மேல ஏறமாட்டேன்னுதான் சொல்வார். வேற வேலையும் தெரியாது. நான் போனாத்தான் வீடு ஓடும்னு அவருக்கும் தெரியும். வாயத் திறந்து சொல்ல மாட்டார். எனக்குத் தெரியாதா அவர..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பெரிய மிஸ் இருமவில்லை. அழிப்பானை இவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் அவன் முக்காலியில் உட்காரும் முன்பே அவள் கேட்டாள். "என்ன பண்ணலாம்?" கேட்டுவிட்டுக் கதவின்மேல் சாய்ந்து நின்றாள். வெளியே மாடிப்படியில் யாரோ ஏறிப்போகும் சத்தம், கீழ்வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின.

"மே... மேஸ்திரிகிட்ட நானே சொல்றேன்," என்றான். "நீயும் வா. ஆனா பே... பேசாத."

மேஸ்திரியின் பட்டறை தகரக் கூரை போட்டது. மழை அதன்மேல் அரிசி கொட்டுவதுபோல விழுந்தது. பிரித்துப்போட்ட மோட்டார்கள், சுருட்டி வைத்த கம்பி வடங்கள், கிரீஸ் வாசனை. நாலைந்து பேர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் நேரம் இல்லாதவர்.

"வாம்மா, வா. என்னவாம் இவனுக்கு?"

கேள்வி இவளிடம்தான் வந்தது. எப்போதும் இவளிடம்தான் வரும். அவனுக்குக் காய்ச்சல் என்றாலும் இவள்தான் போனில் சொல்வாள்.

"அவரே சொல்வார் அண்ணே."

"அவன் சொல்றதுக்குள்ள மழை விட்டுரும். நீ சொல்லும்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மோட்டார்களைப் பார்த்தாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"ப... ப..."

"பணமா? முன்பணம் வேணுமா?" என்றார் மேஸ்திரி.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். "ப..."

"பல்லு வலியா இருக்கும்," என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

"பல்லு வலிக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டா வருவான்? பிள்ளை பொறக்கப் போவுதுடா. பார்ட்டி வைக்கிறான்."

"பங்காளி சண்டை."

"பாம்பு. குழில பாம்பப் பாத்திருப்பான்."

யாருக்கும் அதில் கெட்ட எண்ணம் இல்லை. விடுகதை போட்டதுபோல ஆளுக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். நீட்டிய ஒவ்வொன்றையும் அவன் தள்ளிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. அவளுக்குக் காது எரிந்தது. பதினோரு வருடம் தான் அன்பு என்று நினைத்துச் செய்ததை நாலைந்து பேர் சேர்ந்து உரக்கச் செய்துகாட்டுவதுபோல இருந்தது. ஒரே ஒரு சொல்லில் இதை அவளால் நிறுத்தமுடியும். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடி நிற்பது, தெரியாமல் நிற்பதைவிடக் கொடுமையாக இருந்தது. முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கினாள்.

"பயமா இருக்கு," என்றான் அவன். "மே... மேல ஏற."

ஒருவன் சிரிக்கத் தொடங்கி, வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார்கள். அந்தச் சொல்லை அந்தப் பட்டறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது அவர்கள் நின்ற விதத்தில் தெரிந்தது.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா? கை நடுங்கறவன மேல ஏத்தி நான் எவன் சாவுக்குப் பதில் சொல்றது?" கோபமாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "கீழ மோட்டார் பிரிச்சு மாட்டுற பெஞ்சுல ஒரு ஆள் தேவை இருக்கு. ஆனா மேல ஏறுறவன் சம்பளம் பெஞ்சுக்குக் கெடையாது. பாதிதான் வரும், பாத்துக்க. வேணும்னா திங்கக்கிழமை பெஞ்சுக்கு வா. வேணாம்னா அதையும் நீயே வந்து சொல்லு."

அவர் அதை இவளிடம் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் கூரையின் ஒரு மூலை மட்டும் ஒழுகாமல் இருந்தது. அந்த மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாலையில் தண்ணீர் ஓடியது, வண்டிகளின் விளக்குகள் அதில் நீண்டு நீண்டு உடைந்தன. அவன் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்திருந்தான். உள்ளங்கை காய்ந்திருந்ததா என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

"நீ என்ன ப... பண்ணப்போற?"

விட்டுர்றேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பதில் தயாராகத்தான் இருந்தது, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் சொல் வரவில்லை. தன்னிடம் யாரும் இப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை. எப்போதும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டிருப்பாள், தனக்கும் சேர்த்து. அவன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குப் பழகிய வேலை. ஒரு பேருந்து வந்து, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"நான் முடிக்கணும்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக, சின்னதாகக் கேட்டது. "கஷ்டம்தான். எனக்குத் தெரியும். இந்த வீட்ட விட்டுட்டு ஒத்த ரூமுக்குப் போகணும். அண்ணி நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. நான் போன் வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிரும். ஆனா எனக்கு அந்த வகுப்பு வேணும். உங்களுக்காக இல்ல, குடும்பத்துக்காக இல்ல. எனக்கு வேணும்."

சொல்லி முடித்ததும் திருடியவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

"ச... ச..."

'சரி' என்பதாக இருக்கலாம். சம்பளமாக இருக்கலாம். சலிப்புக்கும் சண்டைக்கும் அதே எழுத்துதான். அவன் தாடை இழுத்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தபடி இருந்தாள், பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூரையின் ஒழுகல் கொஞ்சம் நகர்ந்து அவள் தோள்மேல் விழத் தொடங்கியது.

"சமையல் இனிமே நான் பாத்துக்கறேன்," என்றான். "பெ... பெஞ்சு வேலைன்னா சீக்கிரம் வந்துருவேன்."

அவள் எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் அந்தச் சொல்லுக்குப் போயிருக்கமாட்டாள்.

"உங்களுக்கு ஒரு முட்டை உடைக்கத் தெரியுமா?"

அவன் அதை ஒரு உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தான்.

"தெ... தெரியாது."

"அப்ப நாளைக்கு ரெண்டு பேருக்கும் பட்டினிதான்."

உடனே இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அது அத்தனை பொய்யும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் வந்தது, முதலில் அவனுக்கு.